மாலையிற் சோரும் தசைகள்

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டு அறிந்து கொள்கிறோம். காலில் அடிபட்டால் வீக்கத்தைக் கண்டு இரங்குகிறோம். ஆனால், காய்ச்சலுமின்றி, வீக்கமுமின்றி, நோவென்று சொல்லவும் ஒன்றுமின்றி, காலையில் நன்றாக நடமாடிய ஒருவர் மாலையில், "என்னாற் கையைத் தூக்க இயலவில்லை" என்று சொன்னால் நாம் யாது நினைப்போம்? முதல் நாள் நம்புவோம். இரண்டாம் நாள் ஐயுறுவோம். மூன்றாம் நாள், "இது வெறும் பாசாங்கு" என்று தீர்ப்புக் கூறிவிடுவோம். நோய்களுட் சில உடலை மட்டும் வருத்துவன. வேறு சில, நோயாளியின் சொல்லை வீட்டார் நம்பாதபடி செய்து, உள்ளத்தையும் சேர்த்து வருத்துவன. இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்த ஒரு நோயைப் பற்றியே இவ்வாரம் நம் வாசகர்களுடன் சிறிது ஆராய விரும்புகிறோம்.

மயஸ்தீனியா கிறேவிஸ் என்பது அதன் பெயர். தசை என்றும் தளர்ச்சி என்றும் பொருள்படும் கிரேக்கச் சொற்களோடு, கடுமையானது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லும் சேர்ந்து அமைந்த பெயர் அது. கடுந் தசைத்தளர்ச்சி என்று நாம் தமிழில் வழங்கலாம். பெயரிற் கடுமை இருந்த போதிலும், உரிய காலத்தில் அறிந்து உரிய முறையிற் பேணினால், இந்நோயுடையோருட் பெரும்பாலார் கல்வி கற்று, தொழில் செய்து, இல்லறம் நடத்தி, ஏனையோரைப் போலவே நெடுநாள் வாழலாம். அறியாமல் விட்டாலோ உயிருக்கே இடர் நேரலாம். இவ்விரண்டில் எது நிகழும் என்பது வைத்தியரின் மருந்தை மட்டுமன்றி, வீட்டாரின் அறிவையும் பொறுத்தது.

நோய் காட்டும் முகம்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். இளம் மனைவி ஒருத்தி காலையில் எழுந்து, தேங்காய் துருவி, சமையலை முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். எவ்விதக் குறையுமில்லை. பிற்பகலில் அவளுடைய வலக் கண்ணிமை சிறிது சரிகிறது. பத்திரிகையை எடுத்தால் எழுத்துக்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. தலை வாரக் கையை உயர்த்தினால், பாதியிலே கை தானாகத் தாழ்கிறது. இரவு உணவில் நாலு கவளம் உண்டதும் மெல்லும் வலி குன்றி, தாடையைக் கையால் தாங்கிக் கொள்கிறாள். பேசப் பேசக் குரல் மூக்கொலியாகி மங்குகிறது. அவள் சிரிக்க முயன்றாலும் இதழின் ஓரங்கள் உயராமையால், அது சிரிப்பாகத் தோன்றாமற் சினமாகத் தோன்றுகிறது. "மருமகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை" என்று மாமியார் குறைப்படுகிறார். "நித்திரை போதாது" என்கிறார் கணவர். மறுநாட் காலை அவளை வைத்தியரிடம் அழைத்துச் சென்றாலோ, இரவெல்லாம் ஓய்வு பெற்ற தசைகள் செவ்வனே இயங்குகின்றன. வைத்தியருக்கும் ஒன்றும் புலப்படவில்லை. வீட்டாரின் ஐயம் உறுதியாகி விடுகிறது!

இந்நோயின் இலக்கணம் இதுவே: பயன்படுத்தப் பயன்படுத்தத் தளர்தல், ஓய்வெடுக்க மீளுதல். பெரும்பாலும் கண்ணிலே தொடங்கும். சிலருக்குக் கண்ணளவிலே நின்றுவிடும். பலருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் முகம், தொண்டை, கழுத்து, கைகால்கள் ஆகியவற்றுக்கும் பரவும். தொடுவுணர்ச்சி குன்றுவதில்லை, அறிவு மங்குவதில்லை, நினைவு தவறுவதில்லை. நெடுநேரம் வேலை செய்த எவருக்கும் உண்டாகும் அலுப்பும் இதுவும் ஒன்றல்ல. அலுப்புற்றவர் மனம் வைத்தால் இன்னும் ஒரு முறை கையைத் தூக்கி விடலாம். இந்நோயாளி எவ்வளவு மனம் வைத்தாலும் தசை பணிவதில்லை.

எந்த வயதினருக்கும் இது வரலாம். எனினும், நாற்பது வயதுக்குட்பட்ட பெண்களிடத்திலும், அறுபது வயதைக் கடந்த ஆண்களிடத்திலும் மிகுதியாகக் காணப்படுகிறது. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. பெரும்பாலும் பரம்பரையாக வருவதுமன்று. ஆகவே, நோயாளியின் பாத்திரத்தை ஒதுக்கி வைப்பதும், "இக்குடும்பத்தில் பெண் எடுக்கலாமா?" என்று ஊரார் பேசுவதும் பொருளற்ற செயல்களாகும்.

ஒரு கண்ணிமை உயர்ந்த வரலாறு

இந்நோய் புதியதன்று. இங்கிலாந்தின் வைத்தியப் பேரறிஞர் தோமஸ் வில்லிஸ் என்பவர், காலையிற் சரளமாகப் பேசி, நெடுநேரம் பேசியபின் வாய் திறக்கவும் இயலாது போன ஒரு பெண்ணைப் பற்றி 1672-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். 1895-இல் பேர்லின் நகரில் பிரெடரிக் யோலி என்பவர், இத்தகைய நோயாளியின் தசையை மின்சாரத்தால் மீண்டும் மீண்டும் தூண்டினால் அது படிப்படியாகச் சோர்வதையும், சற்று விட்டாற் பழைய நிலைக்கு மீள்வதையும் காட்டி, நோய்க்கு இப்பெயரையும் சூட்டினார். பெயர் கிடைத்ததே தவிர மருந்து கிடைக்கவில்லை. அக்காலத்தில் இந்நோய் கண்டவர்களுட் பலர் உணவு விழுங்கவும் மூச்சு விடவும் முடியாமல் மாண்டனர்.

1934-ஆம் ஆண்டில் ஒரு மாறுதல் உண்டாயிற்று. இலண்டனின் கிறீனிச் பகுதியில், ஏழைகளுக்கென நடத்தப்பட்ட சென்ற் அல்பேஜ் வைத்தியசாலையிலே, மேரி வோக்கர் என்னும் ஸ்கொட்லாந்துப் பெண்மணி உதவி வைத்தியராகப் பணி செய்து வந்தார். பெரிய பதவியோ, ஆராய்ச்சிக் கூடமோ அவருக்கு இல்லை. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவும் குராரி என்னும் நஞ்சு ஏறியவருக்கும், தம் பராமரிப்பிலிருந்த இந்நோயாளிக்கும் உள்ள ஒற்றுமை அவர் சிந்தையைக் கவர்ந்தது. இருவரிடத்திலும் தசைகள் ஒரே விதமாகச் சோர்கின்றன. குராரிக்கு மாற்றாகப் பைசோஸ்திக்மின் என்னும் மருந்து உண்டு. ஆயின், அதனை இந்நோயிலும் கொடுத்துப் பார்த்தாலென்ன என்று எண்ணினார். ஊசி மூலம் கொடுத்தார். சரிந்திருந்த கண்ணிமை மேலே உயர்ந்தது. தளர்ந்திருந்த தசைகள் வலுப் பெற்றன. மருந்தின் வலிமை சில மணி நேரமே நின்றது என்பது உண்மை. ஆயினும், தீராதெனக் கைவிடப்பட்ட நோயைத் திருத்தலாம் என்பதை உலகம் அன்று கண்டது. அவ்வாண்டே இலண்டனின் லான்செற் என்னும் வைத்திய இதழுக்கு ஒரு சிறு கடிதமாக அவர் இதனை எழுதி அனுப்பினார். கடிதம் சிறியது, பயன் பெரியது.

நரம்பும் தசையும் சந்திக்குமிடம்

வோக்கர் அம்மையாரின் மருந்து, குற்றம் எங்கே உள்ளது என்பதையும் சுட்டிக் காட்டியது. மூளையிலன்று, தசையின் உள்ளேயுமன்று, நரம்பின் நுனி தசையைச் சந்திக்கும் இடத்திலேதான். அவ்விடத்தில் நரம்பும் தசையும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே மிக நுண்ணிய வெளி ஒன்று உண்டு. நரம்பின் நுனி அசற்றைல்கோலின் என்னும் இரசாயனப் பொருளைச் சொரிய, அதனைத் தசையின் மேலுள்ள வாங்கிகள் ஏற்கின்றன. அதன் பின்னரே தசை சுருங்குகிறது.

மாணவர்கள் எளிதில் விளங்கிக் கொள்ளுமாறு ஓர் உவமை கூறுவோம். ஆசிரியர் ஒருவர் வகுப்பிற் பேசத் தொடங்குகிறார். முதலிற் குரல் உரத்து ஒலிக்கிறது. நேரம் செல்லச் செல்லச் சிறிது தாழ்கிறது. நல்ல செவியுடைய மாணவருக்கு அத்தாழ்வு ஒரு குறையாகத் தோன்றாது. செவியிற் பஞ்சை அடைத்துக் கொண்டிருப்பவருக்கோ, முதற் சொற்கள் மட்டும் கேட்டுப் பின்னையவை கேளாமற் போகும். நரம்பும் அத்தகையதே. தொடர்ந்து தூண்டப்படும் போது அது சொரியும் பொருளின் அளவு சிறிது குறைவது எல்லோருக்கும் இயல்பு. நம் தசைகளில் வாங்கிகள் வேண்டிய அளவுக்கு மேலாகவே இருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை. இந்நோயாளியின் தசையில் வாங்கிகள் குறைந்து விட்டமையால், முதல் அசைவுகள் மட்டும் சரியாக நிகழ்ந்து, பின்னையவை சோர்ந்து போகின்றன. காலையில் உள்ள வலிமை மாலையில் இல்லாமைக்குக் காரணம் இதுவேயன்றி மனத்தின் சோம்பலன்று.

பஞ்சை அடைத்தவர் யார்? நம் உடலின் காவற் படையே! நோய்க் கிருமிகளை எதிர்ப்பதற்காக இரத்தத்தில் உண்டாகும் பிறபொருளெதிரிகள், வழிதவறித் தம் உடலின் வாங்கிகளையே பகையெனக் கொண்டு தாக்குகின்றன. இவ்வாறு இருக்கலாமென 1960-ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோன் சிம்சன் என்னும் வைத்திய அறிஞர் கருத்து வெளியிட்டார். 1973-இல் அமெரிக்காவின் கலிபோர்ணியாவில் பற்றிக், லின்ஸ்ற்றம் என்னும் இருவர், மின்விலாங்கு மீனிலிருந்து பிரித்தெடுத்த வாங்கிகளை முயல்களுக்கு ஊசி மூலம் ஏற்றினர். முயல்களின் உடலில் அவ்வாங்கிகளுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் தோன்றின. முயல்கள் தளர்ந்து வீழ்ந்தன. சிம்சனின் ஊகம் மெய்யாயிற்று.

இதில் நம் நாட்டார் அறிந்த ஒரு செய்தியும் கலந்துள்ளது. கட்டுவிரியன் தீண்டியவருக்கு முதலிற் கண்ணிமை சரிவதை நம் கிராமத்துப் பெரியோர் அறிவர். அந்நஞ்சு சென்று தாக்குவதும் நரம்பும் தசையும் சந்திக்கும் இதே இடத்தைத்தான். தைவான் நாட்டில் வாழும் அதன் உறவுப் பாம்பு ஒன்றின் நஞ்சிலிருந்து, வாங்கிகளை மட்டும் தேடிப் பற்றிக் கொள்ளும் ஒரு பொருளை, அந்நாட்டு அறிஞர்களான சாங், லீ என்போர் 1963-இல் பிரித்தெடுத்தனர். பத்தாண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் பாம்புறோ, டிறக்மன், சத்தியமூர்த்தி என்னும் மூவர் அப்பொருளைக் கொண்டே நோயாளிகளின் தசையிலுள்ள வாங்கிகளை அளந்து, அவை மிகக் குறைந்திருப்பதைக் கண்டனர். உயிரைப் பறிக்கும் நஞ்சு, நோயின் இருப்பிடத்தைக் காட்டும் விளக்குமாயிற்று.

அறியும் வழி

ஐயம் தோன்றினால் நரம்பியல் வைத்திய நிபுணரை நாடுவதே முறை. கண்ணை இமைக்காது ஓரிரு நிமிடம் மேலே நோக்கச் சொல்லி இமை சரிகிறதா என்று அவர் பார்ப்பார். சரிந்த இமையின் மேல் இரண்டு நிமிடம் பனிக்கட்டிப் பொதியை வைத்து, இமை உயர்கிறதா என்றும் பார்ப்பதுண்டு; குளிர்ச்சியில் இத்தசைகள் சற்றுத் தேறும். பின்னர் இரத்தப் பரிசோதனை. உடல் முழுதும் நோய் பரவியோருள் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் வரையில் வாங்கிகளுக்கெதிரான பிறபொருளெதிரி இரத்தத்திற் காணப்படும். கண்ணளவில் நின்றவருள் ஏறக்குறையப் பாதிப் பேரிடமே அது காணப்படும். ஆதலால், இரத்தத்திற் காணப்படவில்லை என்பதைக் கொண்டு நோயில்லை என்று முடிவு செய்தலாகாது. 2001-இல் வேறொரு வகைப் பிறபொருளெதிரியும் கண்டுபிடிக்கப்பட்டு, அதற்கும் இன்று பரிசோதனை உண்டு. நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்க்கும் சோதனையும் பெரிதும் உதவும்.

நெஞ்செலும்பின் பின்னே தைமஸ் என்னும் சுரப்பி ஒன்று உண்டு. சிறு பிராயத்திற் பெரிதாக இருந்து, பின் சுருங்கிவிடும் இயல்பினது. இந்நோயுடையோர் பலரில் அது சுருங்காமல் தடித்திருக்கும். நூற்றுக்குப் பத்து முதற் பதினைந்து பேரில் அதிற் கட்டி ஒன்று வளர்ந்திருக்கும். ஆகவே நெஞ்சைக் கதிர்ப்படம் பிடித்துப் பார்ப்பது இன்றியமையாதது. தைரொயிட் சுரப்பியின் கோளாறும் சில வேளைகளில் இதனோடு சேர்ந்து வருமாகையால் அதனையும் சோதிப்பர்.

வீட்டார்க்கு இங்கே ஒரு யோசனை. இன்று ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் படம் பிடிக்கும் கைத்தொலைபேசி உண்டு. மாலையில் இமை சரிந்திருக்கும் போது ஒரு படம் எடுங்கள். குரல் மங்கும் போது பேச்சைப் பதிவு செய்யுங்கள். எந்த நேரத்தில், எந்த வேலைக்குப் பின் தளர்ச்சி உண்டாயிற்று என்று ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். காலையில் வைத்தியர் காண முடியாததை அவை காட்டிவிடும்.

மருந்துகளின் பணி

முதல் மருந்து பிரிடொஸ்திக்மின் என்னும் குளிசை. வோக்கர் அம்மையார் கொடுத்த மருந்தின் வழிவந்தது. அசற்றைல்கோலின் விரைவில் அழிந்து போகாமல் தடுப்பது அதன் வேலை. முன் கூறிய உவமையில், ஆசிரியரின் குரல் மண்டபத்திற் சற்று நீடித்து ஒலிக்கச் செய்வது போன்றது. அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு, வாயில் நீரூறுதல் முதலியன சிலருக்கு உண்டாகும். தளர்ச்சி மிகுந்ததென்று எண்ணித் தாமாகவே குளிசையைக் கூட்டலாகாது. அளவு மிஞ்சினால் அம்மருந்தே தளர்ச்சியை உண்டாக்கும்.

குரலை நீட்டினாற் போதாது. பஞ்சை அடைப்பவரையும் தடுக்க வேண்டும் அன்றோ? அதற்காகப் பிரட்னிசலோன், அசதியோப்பிறின் முதலிய மருந்துகள் வழங்கப்படுகின்றன. பிரட்னிசலோன் தொடங்கிய முதற் சில வாரங்களிற் சிலருக்குத் தளர்ச்சி கூடுவதுண்டு. ஆதலின் வைத்தியர் சிறிது சிறிதாகவே அளவை உயர்த்துவார். நீடித்து உண்போரின் இரத்தத்தில் சர்க்கரையும் அழுத்தமும் உயரலாம், எலும்பு மெலியலாம். இவற்றை அஞ்சி ஒரே நாளில் நிறுத்திவிடுவது அதனினும் ஆபத்தானது. அசதியோப்பிறின் தன் பயனைக் காட்டப் பல மாதங்கள் செல்லும். "மூன்று மாதம் உண்டும் குணமில்லை" என்று கைவிடுதல், காய்க்கும் பருவத்துக்கு முன் மரத்தை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

தைமஸ் சுரப்பியிற் கட்டி இருந்தால் அதனை அகற்றுவர். கட்டி இல்லாதவருக்கும் சத்திர சிகிச்சையால் நன்மை உண்டா என்பது நெடுங்காலம் விவாதத்துக்குரியதாக இருந்தது. 1936-இல் அமெரிக்க வைத்தியர் அல்பிரட் பிளலொக் என்பவர் ஓர் இளம் பெண்ணின் கட்டியை அகற்றி அவள் தேறுவதைக் கண்டார். அதற்குச் சரியாக எண்பது ஆண்டுகளின் பின், 2016-இல், பல நாடுகளைச் சேர்ந்த 126 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. கட்டி இல்லாதவரிடத்தும், சுரப்பியை அகற்றிக் கொண்டவர்கள் மூன்றாண்டுக் காலத்தில் தளர்ச்சி குறைந்து, குறைந்த அளவு பிரட்னிசலோனுடன் வாழ்ந்தனர் என்பது அதனால் உறுதியாயிற்று. அண்மைய ஆண்டுகளில், 2017 முதலாக, வேறு சில புதிய ஊசி மருந்துகளும் உலகில் வழக்கத்துக்கு வந்துள்ளன. அவற்றின் விலை மிக அதிகம். ஆயினும் பெரும்பாலான நோயாளிகள் பழைய மருந்துகளைக் கொண்டே நன்கு வாழ்கின்றனர்.

வீட்டில் ஒழுகும் முறை

கையிலுள்ள பணத்தைக் கணக்காகச் செலவிடும் இல்லத்தரசி, உடலின் வலிமையையும் அவ்வாறே செலவிடக் கற்றுக் கொள்ள வேண்டும். கடினமான வேலைகளைக் காலையில் முடிக்கலாம். களைத்த பின் ஓய்வெடுப்பதிலும், களைக்குமுன் ஓய்வெடுப்பதே சிறந்தது. காய்கறி நறுக்குவதையும் உடுப்பு மடிப்பதையும் உட்கார்ந்தே செய்யலாம். தலை வாரும்போது முழங்கைகளை மேசைமேல் ஊன்றிக் கொள்ளலாம். நண்பகல் வெயிலும் சுடுநீர்க் குளிப்பும் தளர்ச்சியை மிகுவிக்கும், விலக்குதல் நன்று.

உணவு விடயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். வைத்தியரின் யோசனைப்படி, உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகக் குளிசையை உட்கொண்டால், மெல்லும் வேளையில் மருந்தின் வலிமை துணை நிற்கும். நிமிர்ந்து இருந்து, சிறு கவளமாக, பேச்சைக் குறைத்து உண்ண வேண்டும். சொதியில் ஊறிய இடியப்பம், குழைந்த சோறு, நன்கு வெந்த பருப்பு ஆகியவை எளிதாக இறங்கும். உதிரும் பிட்டும், உலர்ந்த றொட்டியும், கடினமான இறைச்சியும் தொண்டையிற் சிக்கும். பெரிய இராப் போசனத்தைக் காட்டிலும், காலையிலும் நண்பகலிலும் நிறைய உண்டு இரவிற் குறைத்துக் கொள்வது நலம்.

பொருள்கள் இரண்டாகத் தெரியும்போது ஒரு கண்ணை மூடிக் கொண்டால் ஒன்றாகத் தெரியும். அந்நிலையில் மோட்டார் வண்டியோ சைக்கிளோ ஓட்டலாகாது. சாதாரண தடிமனும் காய்ச்சலும் கூட இந்நோயைக் கிளறிவிடக் கூடுமாகையால், வீட்டில் இருமல் உள்ளவர் நோயாளியை விட்டு விலகியிருத்தல் வேண்டும். தடுப்பூசி போடுமுன் வைத்தியரைக் கேட்க வேண்டும். நோய்த் தடுப்பைத் தணிக்கும் மருந்துகளை உண்போருக்கு, உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகள் தகா.

இந்நோயுடைய பெண்கள் தாய்மை அடையலாம். முன்கூட்டியே வைத்தியருடன் கலந்து, கருவுக்குத் தீங்கு செய்யும் மருந்துகளை மாற்றிக் கொண்டு, பெரிய வைத்தியசாலையிற் பிள்ளைப் பேற்றுக்கு ஏற்பாடு செய்தல் வேண்டும். தாயின் பிறபொருளெதிரிகள் குழந்தையைச் சேர்வதால், சில குழந்தைகள் பிறந்ததும் பால் உறிஞ்ச வலியின்றித் தளர்ந்திருக்கும். சில வாரங்களில் அது நீங்கிவிடும். ஆயினும் அக்காலத்திற் குழந்தையை வைத்தியர் கண்காணிப்பது அவசியம்.

காத்திருக்கக் கூடாத வேளை

மூச்சு விடும் தசைகளும் தசைகளே. அவை சோர்ந்தால் உயிருக்கு ஆபத்து. பின்வரும் குறிகளை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மனத்திற் பதித்துக் கொள்ளுங்கள்: மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுதல், ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் மூச்சு வாங்குதல், ஒரே மூச்சில் இருபது வரை எண்ண இயலாமை, எச்சிலை விழுங்க முடியாமற் புரையேறுதல், இருமினால் ஒலி வராமை, தலை நிற்காமற் சாய்தல். இவற்றுள் ஒன்று தோன்றினாலும், இரவென்றும் மழையென்றும் பாராமல், அவசர சிகிச்சையுள்ள வைத்தியசாலைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். "விடியட்டும்" என்னும் ஒரு சொல் உயிரைப் பறித்துவிடலாம். இந்நோயாளி மூச்சுக்குப் போராடும்போதும் பிறரைப் போல் துடித்துக் காட்டுவதில்லை; முகத் தசைகளும் தளர்ந்திருப்பதால் அமைதியாக இருப்பது போலத் தோன்றும். அவ்வமைதியைக் கண்டு ஏமாறலாகாது. வைத்தியசாலையில், மூச்சுக்கு இயந்திரத்தின் துணையும், இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகளை வடித்தகற்றும் சிகிச்சையும் பெற்றுப் பெரும்பாலார் மீண்டு விடுகின்றனர்.

மற்றோர் ஆபத்து மருந்துக் கடையில் உண்டு. ஏனையோருக்கு நன்மை செய்யும் சில மருந்துகள் இவர்களுடைய தளர்ச்சியைத் திடீரெனக் கூட்டிவிடும். ஜென்ரமைசின், சிப்புறொபுளொக்சசின், எரித்திறோமைசின், அசித்திறோமைசின் ஆகிய கிருமிகொல்லிகள். இரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் கொடுக்கும் புறோப்பிறனலோல் போன்றவை. இரத்த நாளத்தில் ஏற்றும் மக்னீசியம். குயினைன், குளோறோகுயின் ஆகியன அவற்றுட் சில. நம் நாடு மலேரியாவிலிருந்து விடுபட்டதென 2016-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியமையால், குயினைனுக்கு இங்கே தேவை அரிது. ஆனால் மலேரியா உள்ள நாடுகளுக்குப் பயணம் செய்வோர் இதனை மறத்தலாகாது. சத்திர சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பவரிடமும், பல் வைத்தியரிடமும், நோயின் பெயரை முதலிலே கூற வேண்டும். நோயின் பெயர், உண்ணும் குளிசைகள், அவற்றின் அளவு, சிகிச்சை செய்யும் வைத்தியரின் பெயர் ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதிப் பணப்பையில் எப்போதும் வைத்திருத்தல் சிறந்த காவலாகும். நாட்டு மருந்தோ, கசாயமோ உட்கொள்வதாயின் அதனையும் வைத்தியரிடம் மறையாது சொல்லுங்கள்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்நோய் வரக்கூடும். கடைசிப் பாடவேளையில் வாசிக்கச் சொன்னால் குரல் எழாமல் நிற்கும் சிறுமியும், முதற் பக்கத்தை முத்து முத்தாக எழுதி நாலாம் பக்கத்தைக் கிறுக்கி வைக்கும் சிறுவனும், இமை சரிந்து தூங்குவது போலிருக்கும் பிள்ளையும் அசட்டையினால் அவ்வாறு செய்வதாகவே முடிவு செய்து தண்டிக்கலாகாது. நாளின் தொடக்கத்திலும் முடிவிலும் அப்பிள்ளை எவ்வாறு இருக்கின்றது என்று சில நாட்கள் கூர்ந்து நோக்கிப் பெற்றோருக்கு அறிவித்தல் ஆசிரியர் செய்யத்தக்க பேருதவி. நோய் உறுதியான பின், பரீட்சையில் இடையிடையே ஓய்வும், மேல்மாடிக்குப் பதிலாகக் கீழ்த்தளத்தில் வகுப்பும், உரிய வேளையிற் குளிசை உட்கொள்ள இசைவும் அளித்தாற் போதும். அப்பிள்ளையின் அறிவுக்கு எவ்விதக் குறையுமில்லை. நண்பனின் புத்தகப் பையைத் தூக்கி வருவது மாணவர்களுக்குப் பெரிய பாரமுமன்று.

வில்லிஸ் எழுதி வைத்த காலத்தில் வைத்தியரும் வீட்டாரும் செய்யக் கூடியது யாதுமில்லை. இன்று மருந்துண்டு, சிகிச்சையுண்டு, வைத்தியசாலையுண்டு. ஆயினும், இவை யாவும் நோயாளியை வந்தடைவதற்கு முன்னர், வீட்டிலுள்ள யாரேனும் ஒருவர், "நீ சொல்வது மெய்தான், வா, வைத்தியரைப் பார்ப்போம்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அச்சொல்லைத் தாமதியாமற் சொல்வது அன்புடைய குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் இயலும்.